மெசினிடமே கேட்டோம்

2013ஆம் ஆண்டு எங்கள் வாசிகசாலையின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் இனிமேல் கிழமையில் இரண்டு நாட்கள் மட்டுமே கணினி அறைக்கு வரலாம். காரணமும் கீழே இருந்தது: பிள்ளைகள் கேம் விளையாடுவதால் மெசின் இறுகிப்போகிறது, மரண உதவிச் சங்கத்தின் கணக்கு வேலை தடைப்படுகிறது.

வெளியூர்க்காரருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் ஏ16 வீதி, வெலிமடைப் பக்கமிருந்து வரும் ஏ5 வீதியோடு சேருவது எங்கள் ஊரான ஹாலிஎலையில்தான். 1924இல் பதுளைக்குப் போய் முடிந்த ரயில் பாதையில் கடைசிக்கு முந்திய ஸ்டேஷனும் இதுதான். பஸ்சும் ரயிலும் ஓடுகிற ஊர். ஆனால் சந்தியிலிருந்து தோட்டப் பாதையில் மேலே ஏறிவிட்டால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளை கணினியில் கை வைக்க அந்த ஓர் அறையை விட்டால் வேறு இடம் இருக்கவில்லை. பதுளையில் வகுப்புக்குப் போக பஸ் காசும் வேண்டும், மாதக் கட்டணமும் வேண்டும். இரண்டும் இல்லாத வீடுகளின் பிள்ளைகள்தான் மத்தியானம் பாடசாலை விட்டதும் பையோடு நேராக அங்கே வந்து நின்றார்கள்.

கணினிகள் கொழும்பில் கழித்துவிட்டவை. பாதிக்கு மேல் ஹார்ட் டிஸ்க் இல்லை. அதனால் எல்டிஎஸ்பி முறையில் அமைத்திருந்தோம். ஒரே ஒரு நல்ல மெசின் சேர்வர். மற்றவையெல்லாம் நெட்வொர்க் கேபிள் வழியாக அதிலிருந்தே பூட் ஆகும். திரை, விசைப்பலகை, மவுஸ் மட்டும் அவற்றின் பங்கு. ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்து தமிழில் கட்டுரை தட்டினால், அந்தத் தட்டச்சு மென்பொருள் உண்மையில் ஓடுவது சேர்வரில். சங்கத்தின் கணக்கும் அதே சேர்வரில்தான் இருந்தது. உபுண்டு 12.04, அதன் அடியில் லினக்ஸ் கர்னல் 3.2, ஒரே ஒரு 7200 சுற்று ஹார்ட் டிஸ்க்.

நான் லினக்சுக்கு வந்தது உபுண்டுவின் இலவச சிடி மூலம். ஷிப்இட் என்ற திட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தபாலில் அனுப்பினார்கள். 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். லயத்து வீட்டுக்கு இலக்கமோ தெருப் பெயரோ கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். அந்தச் சிடி உறை எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குப் பெரிய விஷயம். என்னை யாரென்றே தெரியாத ஒருவர், திறந்து பார்க்கவும் மாற்றவும் உரிமை கொடுத்து ஒரு முழு இயங்குதளத்தை அனுப்பியிருந்தார். பிறகு பதுளையில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலை சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

மெசின் இறுகியது பொய்யில்லை. பின்னேரங்களில் திடீரென்று எல்லாத் திரைகளும் ஒன்றாக நிற்கும். மவுஸ் நகரும், ஆனால் எதைத் தொட்டாலும் திறக்காது. தட்டிய எழுத்து அரை நிமிடம் கழித்துக் கொத்தாக வந்து விழும். பிறகு எல்லாம் சரியாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கும். பிள்ளைகள் இல்லாத காலை வேளைகளில் இப்படி நடந்ததே இல்லை. அதனால் பழி பிள்ளைகள் மேல் விழுந்தது. அறையில் இருந்தவர்களிலேயே பதில் பேச முடியாதவர்கள் அவர்கள்தான் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு அது தாங்க முடியாமல் போனதற்கு வேறு கதை உண்டு. என் அம்மா வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்தவர். நிறுவை நேரத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். தராசின் முள் தெரிகிற பக்கத்தில் அம்மா ஒருநாளும் நின்றதில்லை. எவ்வளவு கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று கேட்டால் "அப்படித்தான்" என்று பதில் வரும். பேர் போட்ட புத்தகம் ஒரு பக்கம், உழைத்த ஆள் மறுபக்கம். சரியான காரணம் தெரியாமலே சம்பளம் குறைந்தது, அதைப் பற்றி வீட்டில் பேசிப் பேசி நான் வளர்ந்தேன். அந்த அறிவித்தலைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி இதுதான்: பிள்ளைகள்தான் என்று யார் அளந்து பார்த்தது?

டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ப்ராசஸர் சும்மா இருந்தது. லோட் மட்டும் ஏறிக்கொண்டே போனது. விஎம்ஸ்டாட் போட்டால் காத்திருப்பு நேரம் தொண்ணூறு வீதத்தைத் தொட்டது. தடைபட்டு நிற்கும் ப்ராசஸ்களை எண்ணும் பத்தி நிறைந்திருந்தது. அப்படியென்றால் கணக்குப் போடுவதில் நேரம் போகவில்லை, டிஸ்க்குக்காக எல்லோரும் காத்து நிற்கிறார்கள். ஐஓடாப் நிறுவிப் பார்த்தபோது பட்டியலின் தலையில் ஜேபிடி2 என்ற பெயர் நின்றது. அது கர்னலின் சொந்த வேலையாள். இஎக்ஸ்டி4 கோப்பு முறையின் ஜர்னலை டிஸ்க்கில் எழுதுவது அதன் வேலை. யாரோ ஏவியதால்தான் அது ஓடுகிறது. ஏவியது யார் என்று ஐஓடாப் சொல்லாது.

இந்த இடத்தில்தான் கர்னலுக்குள்ளேயே தடம் பார்க்கும் கருவிகளைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் பெர்ஃப். 2009இல் 2.6.31 கர்னலோடு வந்தது. அதை நிறுவுவதிலேயே ஒரு பாடம் இருந்தது. உபுண்டுவில் பெர்ஃப் என்று தட்டினால் ஓடுவது ஒரு சின்ன ஸ்கிரிப்ட்தான். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்பு எதுவோ அதற்கே உரிய லினக்ஸ் டூல்ஸ் பொதியை அது தேடும். கர்னல் புதுப்பித்தல் வந்து மெசினை ரீபூட் பண்ணினால், பழைய பதிப்புக்கு இறக்கிய பொதி பயன்படாது, மறுபடியும் இறக்க வேண்டும். யூநேம் கட்டளையில் பதிப்பைப் பார்த்து, அதே எண்ணைப் பொதியின் பெயரோடு சேர்த்து நிறுவினேன். பெர்ஃப் அழகான கருவி. ப்ராசஸர் எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறது என்று மாதிரி எடுத்துக் காட்டும். ஆனால் எங்கள் ப்ராசஸர் செலவழிக்கவே இல்லை. காத்திருப்பதைப் பற்றி அதன் சாதாரண பட்டியலில் ஒன்றும் இல்லை.

அடுத்தது சிஸ்டம்டாப். ரெட் ஹாட், ஐபிஎம், இன்டெல், ஹிட்டாச்சி சேர்ந்து 2005இலிருந்து வளர்த்தது. அன்று கர்னல் தடம் பார்ப்பதென்றால் இதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதற்குக் கர்னலின் டீபக் தகவல் பொதி தேவை, அது பல நூறு எம்பி. எங்களிடம் இருந்தது ப்ரீபெய்ட் டொங்கிள். சிக்னல் சரியாக விழுந்தது கோயில் மேட்டில் மட்டும். கடைசியில் பதுளைக் கடையில் இரவு இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். அதுவும் ஓடியது. ஆனால் அடுத்த கர்னல் பதிப்புக்கு அதே பாடு மறுபடியும் இருக்கிறது. நல்ல இணைப்பும் பெரிய டிஸ்க்கும் உள்ள ஊரை மனதில் வைத்துச் செய்த கருவி அது என்று எனக்குப் பட்டது.

அந்தத் தேடலில் லினக்ஸ் ஆவணப் பொதியில் ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய எஃப்ட்ரேஸ் விளக்கம் கிடைத்தது. 2008 அக்டோபரில் வந்த 2.6.27 கர்னலில் சேர்ந்த வசதி அது. படிக்கப் படிக்க எனக்கு ஒரே ஆச்சரியம். இறக்க ஒன்றுமே இல்லை. எஃப்ட்ரேஸ் ஏற்கெனவே அந்த மெசினுக்குள் இருந்தது. நாங்கள் சேர்வரை நிறுவிய நாளிலிருந்து அது அங்கேயே உட்கார்ந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. டொங்கிள் காசு தீர்ந்தாலும், மழைக்கு சிக்னல் போனாலும், அதை ஓட்டலாம்.

பாவிப்பதும் எளிது. டீபக்எஃப்எஸ் என்ற ஒரு கோப்பு முறையைக் கர்னல் திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் ட்ரேஸிங் என்றொரு அடைவு. (2015இல் வந்த 4.1 கர்னலிலிருந்து அதற்கு ட்ரேஸ்எஃப்எஸ் என்று தனி இடம் உண்டு.) உள்ளே இருப்பவை எல்லாம் கோப்புகள் போலத்தான் தெரியும். ஒன்றில் 1 என்று எழுதினால் தடம் தொடங்கும், 0 என்று எழுதினால் நிற்கும். இன்னொன்றைக் கேட் கட்டளையால் வாசித்தால் நடப்பதெல்லாம் வரி வரியாக ஓடும். ரூட் அதிகாரம் வேண்டும். எக்கோவுக்கு முன்னால் சூடோ போட்டால் மட்டும் வேலை நடக்காது. கோப்பில் எழுதுகிறவன் ஷெல், அவன் இன்னமும் சாதாரண ஆள்தான். முழுதாக ரூட் ஷெல்லுக்குள் போய்த்தான் எழுத வேண்டும். இதைச் சொல்லாத கையேட்டைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பின்னால் பார்த்தேன்.

எஃப்ட்ரேஸ் எப்படி வேலை செய்கிறது என்பது அறிந்துகொள்ள வேண்டிய விஷயம். கர்னலைத் தொகுக்கும்போதே ஏறத்தாழ எல்லா ஃபங்ஷன்களின் வாசலிலும் ஓர் அழைப்பு வைக்கப்படுகிறது. மெசின் பூட் ஆகும்போது அந்த அழைப்புகளையெல்லாம் ஒன்றும் செய்யாத கட்டளைகளாக மாற்றிவிடுகிறது கர்னல். எக்ஸ்86 ப்ராசஸரில் அது ஐந்து பைட். தடம் வேண்டும் என்று நாம் கேட்கும்போது மட்டும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலிலேயே அந்த ஐந்து பைட்டை அழைப்பாகத் திருப்பி மாற்றுகிறது. கேட்காதபோது செலவு இல்லையென்றே சொல்லலாம். ஓடுகிற கர்னலின் கட்டளையை மாற்றுவது விளையாட்டில்லை. 2008இல், 2.6.27 வெளிவரும் முன், சில லேப்டாப்களின் இன்டெல் நெட்வொர்க் அட்டைகள் ஒரேயடியாகப் பழுதாயின. அந்த அட்டையின் நிரந்தர நினைவகத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். பலர் அட்டையின் டிரைவர் மேல் சந்தேகப்பட்டார்கள். தேடிப் பார்த்தால் அது எஃப்ட்ரேஸ். பூட் முடிந்து விடுவிக்கப்பட்ட நினைவிடத்தில் பழைய முகவரியை நம்பி அது எழுதப்போக, அந்த இடம் அதற்குள் அட்டையின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2.6.27.1இல் அந்தப் பகுதியை அணைத்துவைத்து, பிறகு திருத்திச் சேர்த்தார்கள். தடம் பார்க்கும் கருவியே குற்றவாளியான அந்தச் சம்பவத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை.

எங்கள் வேலைக்கு எல்லா ஃபங்ஷனும் தேவைப்படவில்லை. கர்னலை எழுதியவர்களே முக்கியமான இடங்களில் ட்ரேஸ்பாயிண்ட் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். இஎக்ஸ்டி4 என்ற பிரிவில், ஒரு ப்ராசஸ் தன் கோப்பை இப்போதே டிஸ்க்கில் பதி என்று கட்டாயப்படுத்தும் இடத்துக்கு உள்ளே நுழைவது ஒன்று, வெளியே வருவது ஒன்று என இரண்டு இருந்தன. எஃப்சிங்க் என்று சொல்வது அதைத்தான். இரண்டையும் இயக்கி வைத்துவிட்டு, பின்னேரத்துக்காகக் காத்திருந்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாள். நாங்கள்தான் மெசினை நிறுத்துகிறோமா என்று பார்க்கிறீர்களா என்பதே அவளுடைய கேள்வி என்று முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொன்னேன். திரையில் வரிகள் அங்கொன்று இங்கொன்றாக வந்தன. இடது ஓரத்தில் ப்ராசஸின் பெயரும் எண்ணும், அடுத்து எந்தக் கோர் என்று அடைப்புக்குறிக்குள், பிறகு மைக்ரோ வினாடி வரை நேரம், கடைசியில் கோப்பின் ஐநோட் எண். ஃபயர்ஃபாக்ஸ் அவ்வப்போது தலை காட்டியது. பிள்ளைகள் விளையாடிய 'கேம்' டக்ஸ் மேத், கூட்டல் கழித்தல் பெருக்கலைப் போட்டு விழும் கற்களை உடைக்கிற விளையாட்டு. அதன் பெயர் ஒரு வரியிலும் வரவில்லை.

மூன்று மணிக்குப் பிறகு சங்கத்தின் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, எங்கள் எல்லோருக்கும் கணக்கப்பிள்ளை ஐயா. தன் மேசையில் உட்கார்ந்து சந்தா வரவு ஒன்றைப் பதிந்து 'சேமி'யை அழுத்தினார். என் திரையில் வெள்ளம். பைத்தன், பைத்தன், பைத்தன் என்று ஒரே பெயர் பக்கம் பக்கமாக ஓடியது. எட்டுத் திரைகளும் நின்றன. அவருடையதும் நின்றது. அவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா தம்பி, புள்ளைங்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

அந்தப் பெண் பிள்ளை திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

நான் அன்றைக்கு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை பார்த்ததை வைத்துப் பிள்ளைகள் மேல் பழி போட்டது எப்படித் தவறோ, ஒரு தடவை பார்த்ததை வைத்து அவர் மேல் போடுவதும் அப்படித்தான். ஐநோட் எண்ணை எடுத்து ஃபைண்ட் கட்டளையில் தேடினேன். சங்கத்தின் எஸ்கியூலைட் தரவுத்தளமும் அதன் ஜர்னல் கோப்பும் வந்தன. உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு எஃப்சிங்க்கும் 20, 30, சிலது 40 மில்லி வினாடி எடுத்திருந்தது. சங்கத்தின் கணக்கு மென்பொருளைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. கொழும்பில் வேலை செய்த ஒரு தம்பி காசு வாங்காமல் பைத்தனில் எழுதிக் கொடுத்தது அது. அதற்கு முன்னால் சங்கக் கணக்கு மூன்று கொப்பிகளில் சிதறிக் கிடந்தது. ஒருவரின் சந்தாவைப் பதிந்ததும் சங்கத்தின் எல்லா உறுப்பினர்களின் மீதியையும் அது புதிதாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு வரியையும் தனித்தனி கொடுக்கல் வாங்கலாக எழுதியது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் எஸ்கியூலைட் மூன்று நான்கு தடவை எஃப்சிங்க் கேட்கும். ஜர்னலை எழுதிப் பதி, தரவை எழுதிப் பதி, ஜர்னலை நீக்கியதையும் பதி. சில நூறு உறுப்பினர்கள் என்றால் ஆயிரத்துக்கு மேல் எஃப்சிங்க்.

நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. தட்டு ஒரு முறை சுற்ற 8.3 மில்லி வினாடி. எழுதியது உண்மையாகவே தட்டில் பதிந்துவிட்டது என்று டிஸ்க் உறுதி சொல்ல, தலை அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் அந்தச் சுற்றைத் துரிதப்படுத்த முடியாது. ஆயிரம் தடவை அப்படிக் காத்தால் அரை நிமிடம் போய்விடும். அந்த நேரத்தில் இஎக்ஸ்டி4இன் ஜர்னல் எல்லோருக்கும் பொது என்பதால், ஃபயர்ஃபாக்ஸ் தன் சின்னக் கோப்பைப் பதியக் கேட்டாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். எட்டுத் திரையும் ஒன்றாக நின்றது அதனால்தான்.

காலையில் ஏன் நடக்கவில்லை? கணினி அறையை மற்றவர்களுக்கு மத்தியானம்தான் திறப்பார்கள். பிள்ளைகள் வருவதும் அப்போது, கணக்கப்பிள்ளை ஐயா வருவதும் அப்போது. காலையில் நான் மட்டும்தான் இருந்தேன், சந்தா பதிய யாரும் இல்லை.

இதை எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டியைக் கூப்பிட்டு, பிள்ளைகளையும் வரச் சொன்னேன். முதலில் கணக்கப்பிள்ளை ஐயா எதையும் பதியாமல் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் எட்டுத் திரையிலும் இஷ்டப்படி விளையாடினார்கள். தடத்தில் ஒன்றிரண்டு வரிகள். பிறகு பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். ஐயா மட்டும் ஒரு வரவைப் பதிந்தார். பிள்ளைகள் இல்லாத அறையில் எட்டுத் திரையும் நின்றன, வரிகள் கொட்டின. பிள்ளைகள் திரும்பி வந்ததும் வரிகளைப் படித்துக் காட்டியது நானில்லை, அந்தப் பெண் பிள்ளை. எந்தப் பத்தி பெயர், எந்தப் பத்தி நேரம், ஏன் இரண்டு வரியைக் கழிக்க வேண்டும் என்று தமிழில் அழகாகச் சொன்னாள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "இது எழுதினது யாரு?" என்றார். "கர்னலே எழுதுது தாத்தா. நாங்க யாரும் எழுதல" என்றாள் அவள். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய கூட்டக் குறிப்பில் பழைய தீர்மானத்தை நீக்குவதாகத் தன் கையாலேயே எழுதினார். நான் மதிக்கிற மனிதர் அவர். வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவருக்கு ஆதாரத்தைக் கண்டால் மதிக்கத் தெரிந்திருந்தது.

திருத்தம் இரண்டு வரி. எல்லா மாற்றத்தையும் ஒரே கொடுக்கல் வாங்கலுக்குள் வைத்துத் தொடக்கத்தில் பிகின், முடிவில் கமிட். அரை நிமிடம் ஒரு வினாடிக்குள் வந்தது. கமிட்டியில் ஒரு தம்பி, எஸ்கியூலைட்டில் சிங்க் பண்ணுவதையே அணைத்துவிடலாம், இன்னும் வேகமாகும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் காற்றடித்தாலே கரண்ட் போகும். கச்சான் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் எப்போது திரும்ப வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செத்த வீட்டுக்குப் போக வேண்டிய காசின் கணக்கு அது. எஃப்சிங்க் கண்டுபிடித்ததே இந்த மாதிரி ஊர்களுக்காகத்தான் என்று சொன்னாலும் பொருந்தும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் அந்தத் தரவுத்தளத்தில் ஒரு வரி தொலையவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஃப்ட்ரேஸால் எஃப்சிங்க்கை மட்டுமல்ல, யார் எந்தக் கோப்பைத் திறக்கிறார்கள், எந்த ப்ராசஸ் எப்போது தொடங்கியது என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். கமிட்டியில் சிலருக்கு அது பிடித்துப்போனது. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று தினமும் பதிந்து வைத்தால் நல்லது என்றார்கள். நான் மறுத்தேன். கங்காணியின் கண் முதுகில் படுவதை உணர்ந்தபடியே வேலை செய்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மெசினின் நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவு பார்ப்பது, முடிந்ததும் அணைப்பது, பதிந்ததை அழிப்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். ரூட் கடவுச்சொல் உள்ளவருக்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம் என்று இன்றும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கர்னல் பார்ப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஃபங்ஷன் கிராஃப் என்ற தடத்தை ஓட்டி, ஒரு கோப்பைத் திறப்பதற்குள் கர்னலில் எத்தனை அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்து மூடுகின்றன என்று பார்ப்போம். ட்ரேஸ்பாயிண்ட் இல்லாத இடத்தில் கேப்ரோப் வைப்போம். கேப்ரோப் வேறு வழி. நாம் சொல்லும் கட்டளையின் முதல் பைட்டில் ஒரு நிறுத்தப் புள்ளியை வைத்து, ப்ராசஸர் அங்கே வரும்போது பிடித்து, தகவலை எடுத்துக்கொண்டு, மூலக் கட்டளையை ஓட்டிவிட்டு வழி விடும். அதன் மூலக் கோப்பைத் திறந்தபோது தலையில் இருந்த பெயர்களைக் கண்டு பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். 2002 அக்டோபரில் முதலில் எழுதியவர் வம்சி கிருஷ்ணா. 2004இல் சேர்த்து வளர்த்தவர்கள் பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா. எல்லோரும் ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் வேலை செய்தவர்கள். 2004இல் 2.6.9 கர்னலில் சேர்ந்த அந்த வேலையின் மேல்தான் சிஸ்டம்டாப் நின்றது, பிறகு வந்த எத்தனையோ கருவிகளும் நின்றன. பயனர் மென்பொருளுக்குள் இதே மாதிரி பார்க்க உதவும் யூப்ரோப் 2012இல் 3.5 கர்னலில் வந்தது. அதை முன்னின்று செய்த ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஐபிஎம் இந்தியாவைச் சேர்ந்தவர். இந்த மெசினின் அடி ஆழத்தில் நம்மைப் போன்ற பெயர் உள்ளவர்களின் கை இருக்கிறது என்று பார்ப்பது, பாடப்புத்தகத்தில் எத்தனை அறிவுரை படித்தாலும் கிடைக்காத ஒன்று.

இன்று நிறுவும் பாடெல்லாம் குறைந்துவிட்டது. 2014இல் 3.18 கர்னலோடு அலெக்ஸி ஸ்டாரோவொய்டோவ் கொண்டுவந்த ஈபிபிஎஃப், தடம் பார்ப்பதையே மாற்றிவிட்டது. நாம் எழுதும் சின்ன நிரலைக் கர்னலே முதலில் வரி வரியாகச் சோதிக்கிறது. முடிவில்லாமல் சுற்றுமா, தொடக்கூடாத நினைவிடத்தைத் தொடுமா என்று பார்த்து, சரியென்றால்தான் உள்ளே விடுகிறது. அதன் மேல் அலஸ்டெர் ராபர்ட்சன் எழுதிய பிபிஎஃப்ட்ரேஸை உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவலாம். அன்றைக்கு நான் கையால் கழித்துப் பார்த்த நேரத்தையெல்லாம் இப்போது ஒற்றை வரி கர்னலுக்குள்ளேயே கணக்கிட்டு, எத்தனை எஃப்சிங்க் எத்தனை மில்லி வினாடிக்குள் முடிந்தது என்று பட்டை போட்டுக் காட்டிவிடுகிறது. ஆனாலும் புதிதாக வருகிற பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது எஃப்ட்ரேஸ்தான். நிறுவ ஒன்றுமில்லை, இணைப்புத் தேவையில்லை, 1 எழுதினால் வரும், 0 எழுதினால் நிற்கும்.

சேர்வரில் எஸ்எஸ்டி போட்ட பிறகு பழைய மென்பொருளின் திருத்தாத பதிப்பை ஆசைக்காக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். சுற்றுகிற தட்டே இல்லாததால் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஒரு திரையும் நிற்கவில்லை. ஆனால் தடத்தில் அதே ஆயிரத்துச் சொச்சம் வரிகள் ஓடின. வேகமான டிஸ்க் இருந்திருந்தால் அந்தப் பிழையை யாரும் தேடியிருக்க மாட்டோம். பழைய மெசின்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வகையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். வசதியான மெசின் மறைத்துவிடுகிற பிழைகள் அவர்கள் கண்ணில் படுகின்றன.

இப்போது லயத்தில் வீட்டுக்கொரு ஆண்ட்ராய்டு ஃபோன் இருக்கிறது. அதன் அடியிலும் ஓடுவது லினக்ஸ் கர்னல்தான். அதிலும் எஃப்ட்ரேஸ் உண்டு; 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து டெவலப்பர் அமைப்புகளில் சிஸ்டம் ட்ரேஸிங் என்று அதைத் திறந்தும் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அக்காவின் ஃபோனில் எடுத்த தடக் கோப்பை யுஎஸ்பியில் கொண்டுவந்தான். தமிழ் விசைப்பலகையில் தட்டினால் எழுத்து தாமதமாக வருகிறதாம், ஆங்கிலத்தில் அப்படி இல்லையாம். ஃபோன் பழசு, அதனால்தான் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பையன் அதை நம்பவில்லை. பெர்ஃபெட்டோ என்ற தடம் பார்க்கும் கருவியில் கோப்பைத் திறந்து, விரல் பட்ட நொடியிலிருந்து எழுத்து திரையில் விழும் நொடிவரை ஒவ்வொரு த்ரெட்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விசைப்பலகை மென்பொருள் ஒவ்வொரு எழுத்துக்கும் சொல் அகராதிக் கோப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதாக இதுவரை தெரிகிறது. வருகிற ஞாயிறு இன்னொரு தடம் எடுத்து, அகராதியை அணைத்துவிட்டும் ஒன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.